காடு திருத்தியவர்

ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செண்பகவல்லி நினைத்திருந்தாள். ஊர் தாண்டி வெகு நேரமாயிற்று. சரி, பெட்ரோல் பங்கில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதுவும் வந்தது, மாமனார் வெர்னன் இறங்கி டீசல் போட்டார், அவளுக்கென்று ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிவந்து மூடியைத் திருகித் திறந்தே நீட்டினார், அவளும் வாங்கிக் குடித்தாள். ஜூஸ் வாங்கிக் கொடுத்த மனுஷரிடம் அந்த வாய் ஈரம் காயுமுன் எப்படிச் சொல்வது? இப்போது வண்டி நெப்ராஸ்காவின் நேர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஊர் ரோடுகளுக்கு வளையவே தெரியாது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், மக்காச்சோளம், மேலும் மக்காச்சோளம். வெர்னன் ஸ்டியரிங்கின் உச்சியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் அதில் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகம். அவருடைய பாட்டனாருக்கு அப்பா எஃப்ரைம் டட்டில், மாட்டு வண்டி கட்டி முதன்முதலாக இந்தப் புல்வெளிக்கு வந்தவர், அவருக்கு இன்று ஓடைக்கரையில் நினைவுக்கல் நடுகிறார்கள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும். கல்லை நட்ட கையோடு, மருமகள் வயிற்றில் இருக்கும் பையனுக்கும் எஃப்ரைம் என்றே பேர் என்று வெர்னன் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறார். அந்தப் பேர் வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும். ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூஸ் பாட்டிலை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

புருஷன் கர்ட்டிஸிடமே இன்னும் சொல்லவில்லை. அவனும் அவன் அம்மாவும் நாற்காலி, கூடாரம், உருளைக்கிழங்கு சாலட் என்று காலையிலேயே முன்னால் போய்விட்டார்கள். நேற்று பூராவும் அவனுக்குப் போன் மேல் போன். வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டார்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது சாக்கு. போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், மற்ற காரியத்துக்கெல்லாம் பிடுங்கியிருக்கிறாள். பயம். அவனிடம் சொன்னால் அது உண்மையாகிவிடும், பிறகு திருப்பி உள்ளே போட முடியாது என்ற பயம். "குளிருதா, ஏசியக் குறைக்கவா தாயி?" என்றார் வெர்னன். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அது அவள் காதுக்குள் கோவில்பட்டித் தமிழாக மாறித்தான் இறங்குகிறது, அவர் 'ஹனி' என்றால் இவளுக்குத் 'தாயி' என்றே கேட்கும். "வேண்டாம் மாமா, நல்லாத்தான் இருக்கு." மாமா. அதுவே பெரிய கதை. கல்யாணமான புதிதில் எல்லோரும் அவரை வெர்னன் என்றார்கள், கர்ட்டிஸின் தம்பி பெண்டாட்டி தோளில் தட்டி வெர்ன் என்றாள். இவளுக்கு நாக்கு எழும்பவில்லை. மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கோவில்பட்டியில் இருக்கிற அம்மாவுக்குத் தானாகவே விக்கல் எடுக்கும். அதனால் ரொம்ப நாள் அவரை ஒன்றுமே கூப்பிடாமல், இருமி, பாத்திரத்தைத் தட்டி, எதிரில் போய் நின்று காலந்தள்ளினாள். ஒரு நாள் கடையில் அவர் எங்கேயோ போய்விட, பதற்றத்தில் "மாமா!" என்று கத்திவிட்டாள். இங்கே மாமா என்றால் அம்மா. கடையே திரும்பிப் பார்த்தது. ஆறடி உயரத்தில் தாடி வைத்த ஒருவர் "இதோ வந்துட்டேன்" என்று தக்காளிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு அதுதான் பேர். அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை. இப்படிப்பட்டவரிடம் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் அவள்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பையன் என்று டாக்டர் சொன்ன வாரம், சாப்பாட்டு மேஜையில் பேச்சோடு பேச்சாக அவள்தான் எடுத்துவிட்டாள், எங்கள் பாஷையில் மகன் வயிற்றுப் பிள்ளைக்குப் பேரன் என்று பேர், பெயரன், முன்னோர் பேரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். சும்மா இருக்க வேண்டியதுதானே. வாய். வெர்னன் கையிலிருந்த முள்கரண்டியை வைத்துவிட்டு "இன்னொரு தடவ சொல்லு" என்றார். பேரன். "பே-ரன்." அவருக்கு 'ர' வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மறு வாரமே கொட்டகையில் உட்கார்ந்து தொட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டார், வால்நட் மரத்தில். தலைமாட்டுப் பலகையில் எஃப்ரைம் என்று செதுக்கினார். அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். "எப்பிராயீமா? நம்ம தெரு வேதக்கோயில் வாத்தியார் பேருல்லட்டி அது! அந்த ஊருக்குப் போயும் அதே பேருதானா கெடச்சிச்சு? சரி, வச்சிட்டுப் போங்க, பெரியாளுக மனசு குளுந்தா சரி." அம்மாவுக்குத் தன் தாத்தாவின் அப்பா பேர் தெரியாது. அப்பாவழியில் கேட்டால் ஒரு இனிஷியல் வரைக்கும் வரும், அதற்கப்புறம் வெறும் காற்று. அந்த எழுத்தின் பின்னால் நின்றவர் யார், என்ன தின்றார், எதற்குச் சிரித்தார், கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்பார்கள். அதனால்தானோ என்னவோ, புருஷன் வீட்டு வம்சத்தைத் துருவித் துருவித் தேடினாள். கர்ட்டிஸுக்கே அதில் அக்கறை கிடையாது. ஒரு சனி ஞாயிறு விடாமல் இடுகாடு இடுகாடாகப் போய்ப் பாசி பிடித்த கல்லைச் சுரண்டிப் பேர் படித்தது அவள்தான். "டட்டில் குடும்பத்தப் பத்தித் தெரியணும்னா கோவில்பட்டிக்காரியக் கேளு" என்று சொந்தத்தில் கேலி பேசுவார்கள்.

எஃப்ரைமை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்திருந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காய்கூட இல்லாமல், எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளையாக, திரும்பிப் போய்விடலாமா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்களில், அவளுக்குத் துணையாக இருந்தது அந்தச் செத்துப்போன மனுஷன்தான். அவனும் யாருமில்லாமல் வந்தவன். மரமே இல்லாத நிலத்தில் வீடு எதைக்கொண்டு கட்டுவது? புல்லை வேரோடும் மண்ணோடும் பாளம் பாளமாக அறுத்து, செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்கிக் கட்டினான். மழை வந்தால் கூரை மூன்று நாள் ஒழுகுமாம், வெயில் வந்தபிறகும் ஒழுகுமாம். வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது, குதிரைச் சேணத்தைத் தின்றது, வேலியில் காயப்போட்ட துணியைத் தின்றது. தொண்டை அடைப்பான் வந்து ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அப்படியும் இருந்தான். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு விம்மியது, கறுப்பு, அச்சு அசலாகக் கரிசல். நம்ம ஊர் மண்ணில்தான் இவனும் கால் புதைத்திருக்கிறான். குடும்பத்தில் அவனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு, எஃப்ரைம் ஓடைக்கரையை கிளியர் பண்ணினார். அந்த வார்த்தையை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறதே. காடு திருத்தினார். கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கித் திருத்துவது. சின்னத் தாத்தாவெல்லாம் அப்படித்தானே கண்மாய்க்கரையைத் திருத்தினார். போன வருஷக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று அதைச் சொல்லவும் செய்தாள், எங்கள் ஊரில் நிலத்தைத் திருத்துவது என்போம், எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி, உங்கள் எஃப்ரைமும் எங்கள் தாத்தாவும் ஒரே ஜாதி. கைதட்டினார்கள். வெர்னன் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்து விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார், சந்தோஷம் தாங்காமல்தான் என்று நினைத்தாள்.

முந்தாநாள் காலையில்கூட இந்தப் பாரம் இல்லை. முந்தாநாள் மத்தியானம் வரைக்கும் எஃப்ரைம் காடு திருத்தியவர். அவளும் டெனிஸும் ஒரே மருந்துக்கடையில் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மாத்திரை கொடுக்கிறவர்கள். டெனிஸ் ஆதிகாலத்திலிருந்து இந்த மண்ணுக்காரி, நம் பாடப்புத்தகத்தில் செவ்விந்தியர் என்று இறகு வைத்துப் படம் போட்டிருப்பார்களே அந்த இனம். இறகெல்லாம் கிடையாது, மூக்குக்கண்ணாடி உண்டு. யாரோ ஒருத்தன் கப்பலை வழிதப்பி ஓட்டியதால் நாம் இருவரும் இந்தியர் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் டெனிஸ் அவளுடைய தயிர்சாதத்தில் கை வைப்பாள். அன்றைக்கும் வைத்தாள். பேர் முடிவாகிவிட்டதா என்றாள். எஃப்ரைம் என்றாள் இவள், என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா, எஃப்ரைம் டட்டில், ஓடைக்குக்கூட அவர் பேர்தான். டெனிஸ் முதலில் சிரித்தாள், இவள் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து. பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஷென்பா, எங்க வீட்டுல ராத்திரி பிள்ளைங்க தூங்காம சத்தம் போட்டா அந்தப் பேரச் சொல்லித்தான் அடக்குவாங்க. எஃப்ரைம் தீ எடுத்துட்டு வர்றான், மூச்சு விடாதே. எனக்கும் சொல்லியிருக்காங்க. நான் என் பிள்ளைங்களுக்குச் சொல்றதில்ல." பூச்சாண்டி. செண்பகவல்லிக்கு அந்தச் சொல்தான் முதலில் வந்தது, எவ்வளவு அசட்டுத்தனம், பூச்சாண்டி. ஒரு வாய் சோற்றுக்கும் நிலாவுக்கும் நடுவில் வந்துபோகிற ஆள். நம்முடைய பூச்சாண்டிக்கு ஊர் கிடையாது, வம்சம் கிடையாது, அவனுக்கென்று யாரும் வால்நட் மரத்தில் பேர் செதுக்குவதில்லை. இவர்களுடைய பூச்சாண்டிக்கு எல்லாம் இருந்தது. ஓடைக்கரையில் அவர்களுடைய குளிர்காலக் குடியிருப்பு இருந்ததாம். தரைக்குள் குழி வெட்டிச் சோளம் சேர்த்து வைத்திருந்தார்களாம், நம் ஊர்க் குதிர் மாதிரி, பூமிக்குள் குதிர். எஃப்ரைமும் இன்னும் சில ஆட்களும் பனி விழத் தொடங்கிய நேரத்தில் வந்து வீடுகளையும் சோளத்தையும் கொளுத்தினார்கள். தப்பியவர்கள் நாணலுக்குள் ஒளிந்தார்கள். கொளுத்தியவர்கள் தேடிக்கொண்டு மிகப் பக்கத்தில் வந்தார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தை அழுதுவிடாமல் வாயைப் பொத்தினாள். ஆட்கள் போகிறவரைக்கும் பொத்தியிருந்தாள். எடுத்தபோது குழந்தை இல்லை.

எடுத்தபோது குழந்தை இல்லை. இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, முந்தாநாளிலிருந்து இங்கேதான். வேறு எதை நினைத்தாலும், தைராய்டு மாத்திரையை நினைத்தாலும், அம்மாவின் விசாவை நினைத்தாலும், சுற்றிக்கொண்டு இந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. எவ்வளவு அழுத்தியிருப்பாள்? அழுத்துகிறவளுக்குத் தெரிந்திருக்குமா? ஒரு கட்டத்தில் உள்ளங்கைக்குள் சூடு நின்றுபோனது தெரிந்திருக்கும், தெரிந்தும் எடுத்திருக்க முடியாது, பக்கத்தில் நாணலுக்குள் மற்றவர்களின் பிள்ளைகள். செண்பகவல்லி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது வயிற்றின் மேல் இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டாள், எடுத்தபிறகு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே இருப்பவன் முழங்காலை வைத்து ஒரு நெட்டு நெட்டினான். இது கட்டுக்கதையாக இருக்கக் கூடாதா? இத்தனை தலைமுறை வாய்வழியாக வந்ததில் ஒன்று பத்தாகியிருக்கக் கூடாதா? அப்படிப் பார்த்தால் வெட்டுக்கிளி துணியைத் தின்றதும் வாய்வழிக் கதைதான், அதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாயே. எஃப்ரைம் நல்லவனாக இருந்த கதைக்கெல்லாம் சாட்சி கேட்காதவள் இதற்கு மட்டும் கேட்கிறாள். அவன் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவன். தீ வைத்ததற்குப் பிறகு புதைத்தானா, முன்னால் புதைத்தானா? முன்னால் என்றால் பிள்ளைச் சாவு எப்படிப்பட்டது என்று தெரிந்தே வந்தான். பின்னால் என்றால், சே, அப்படிக் கணக்குத் தீர்க்கிற கடவுள் எனக்கு வேண்டாம், அந்த இரண்டும் என்ன பாவம் செய்தன. வேறு ஒன்றும் இருக்கிறது, அதுதான் ராத்திரி தூங்கவிடாமல் அடித்தது. அந்த ஓடைக்கரை நிலம் இன்றைக்கும் டட்டில் நிலம். நாளைக்கு இவனுடையது. கரிசல், கரிசல் என்று அள்ளி அள்ளி முகர்ந்தாளே, அதில் சாம்பல் எவ்வளவு? அவனும் யாருமில்லாமல் வந்தவன் என்று உருகினாளே, அவன் வந்தபோது அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? அவளுக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று பிழையைத் திருத்துகிற மாதிரி என்று சொன்னது நினைவுக்கு வந்து காதுமடல் சுட்டது.

"அந்தா தெரியுதே சோளக் கிடங்கு, அதுக்கு அடுத்த திருப்பம்தான்" என்றார் வெர்னன். "கல்லு வந்து இறங்கியாச்சாம். கர்ட்டிஸ் போன் பண்ணான். எங்க அக்கா அரிசோனாவிலேருந்து வந்திருக்கா, முட்டிவலியோட." தார் ரோடு முடிந்து சரளைக்கல் ரோடு தொடங்கியது. சக்கரத்தின் கீழ் நறநறவென்று சத்தம். மேடு ஏறியதும் தூரத்தில் வெள்ளைக் கூடாரம் தெரிந்தது, அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாய் ஆட்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள், அதற்கும் பின்னால் ஓடையின் ஓரமாகப் பச்சையாய் ஒரு கோடு, நாணல். இன்னும் நாணல் இருக்கிறது. அவள் எத்தனையோ தடவை இங்கே வந்திருக்கிறாள், அதன் பக்கத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டிருக்கிறாள், அழகாயிருக்கிறது என்று போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் அந்தப் பேர் சபையில் ஏறிவிடும், கைதட்டுவார்கள், பிறகு டெனிஸுக்கு முன்னால் எந்த முகத்தோடு இவனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பது, எஃப்ரைம் சோறு தின்னுடா, எஃப்ரைம் தூங்குடா என்று.

"மாமா, வண்டிய நிறுத்துங்க."

அவர் பதறிப்போய் ஓரங்கட்டினார். வாந்தி வருகிறதென்று நினைத்து இறங்கிச் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டிலும் பிளாஸ்டிக் பையுமாக நின்றார். அவள் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, பையைப் பார்த்துக்கொண்டே, சொன்னாள். டெனிஸ் சொன்னதை அப்படியே சொன்னாள். தீ, சோளக்குழி, நாணல், கை. அவளுக்கே தன் குரல் மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி கேட்டது. இல்லை, பொய், எவள் சொன்னாள் என்று கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள், அதற்குப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி விளிம்பைத் திருகினார்.

"தீ வச்சது தெரியும்" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"எங்கப்பா சாகுறதுக்கு முன்னால சொன்னார். கிளியர் பண்ணார், கிளியர் பண்ணார்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார், நான் எதைன்னு கேட்டதே இல்ல, கேக்கக்கூடாதுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு அவரே சொன்னார். குழந்தை விஷயம் தெரியாது. சத்தியமா அது தெரியாது தாயி."

"தெரிஞ்சேவா என் பிள்ளைக்கு அந்தப் பேர வைக்கப் பாத்தீங்க?"

"அவருக்கப்புறம் அந்தப் பேர யாரும் வைக்கல. நீ வெளியிலேருந்து வந்த பிள்ளை. ஒண்ணும் தெரியாதவ. நீ அந்தப் பேர ஆசையாச் சொல்லுவே. நீ சொல்லும்போது நல்ல பேரா இருந்துச்சு. நீ பேரன்னு சொன்ன அன்னிக்கு, சரி, இந்தப் பிள்ளையோட அது சுத்தமாயிடும்னு நெனச்சேன்."

கோபம் வந்தது அவளுக்கு. இந்த வீட்டுக்கு வந்த நாளாக இவர் மேல் வராத கோபம். "என் பிள்ளை ஒண்ணும் துணி துவைக்கிற கல்லு இல்ல மாமா" என்றாள். இங்கிலீஷில் பாதியும் தமிழில் பாதியுமாக வந்தது, அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டினார். ஆறடி மனுஷர் சரளைக்கல் ரோட்டில் பிளாஸ்டிக் பையோடு நின்று தலையை ஆட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது, கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காற்று அடித்தது. சோளத் தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"அங்க எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும். பேரு வைக்கலன்னு நான் சொல்றேன். ஏன்னு கேப்பாங்க. அதையும் சொல்றேன்."

"நீ வேணாம். அவர் என் வீட்டு ஆளு. நான் சொல்றேன்." சொல்லிவிட்டு, முடியுமா என்று தன்னையே கேட்பவர் மாதிரி கூடாரத்தின் பக்கம் பார்த்தார். அக்கா, அவள் முட்டிவலி, தம்பி மக்கள், வந்து இறங்கிய கல். சுற்றிவந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தவர் திருப்பவில்லை.

"அந்தக் குழந்தைக்குப் பேரு வச்சிருந்தாங்களா?" என்றார்.

இந்தக் குடும்பத்தில் பிறந்து ஒரு நாள் இருந்து செத்த பிள்ளைகளின் பேர்கூட அவளுக்குத் தெரியும், அதற்காக மழையில் நனைந்து, முட்டி போட்டு, நகத்தால் பாசி சுரண்டியிருக்கிறாள். முந்தாநாள் டெனிஸ் எதிரில் உட்கார்ந்திருந்தாள், கேட்டால் சொல்லியிருப்பாள், கேட்க நேரமும் இருந்தது.

"தெரியல மாமா" என்றாள். "நான் கேக்கல."